பதினாறு ரெசோர்களும் ஒரு வேண்டுதலும்

எங்கள் தீவின் சுதந்திரத்தையொட்டிக் கோயில் சங்கத்தார் ஒரு மலர் போடுகிறார்களாம். "பார்வதி டீச்சர், நம்ம ஆளுங்கள்ல பெரிய மனுஷர் ஒருத்தரப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று செயலாளர் வந்து நின்றார். சனிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இது. பெரிய மனுஷர் யாரும் எனக்குப் பழக்கமில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை என் வீட்டுக்காரர். அவர் கார் மெக்கானிக். போடுவதாக இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னொன்று. எங்கள் வீட்டுப் பேச்சில் பாதிக்கு மேல் பிரெஞ்சு கலந்த கிரியோல். அதை அப்படியே எழுதினால் செயலாளர் மயங்கி விழுவார். அதனால் பேச்சையும் தமிழாக்கித் தருகிறேன். நாக்கில் ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவைக்கிறேன்.

அவர் பெயர் வீரசாமி. சேன் பியேரில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் முகாமில் பிறந்தவர். முப்பத்தேழில் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தபோது அவருடைய அப்பாவும் மற்றவர்களோடு சேர்ந்து கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். கலவரம் அடங்கியதும் முகாம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறினார்கள். பிறகு இவர் சர்க்கரை ஆலைப் பட்டறையில் சேர்ந்து நீராவி வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தக் கற்றார். யுத்தம் வந்தது, பட்டாளத்தோடு எகிப்துக்குப் போனார். அங்கே துப்பாக்கி பிடிக்கவில்லை, லாரி பிடித்தார். பாலைவன மணலில் ஓடுகிற லாரியில் முதலில் கெடுவது எது, கடைசிவரை தாங்குவது எது என்று வருஷக்கணக்கில் பார்த்துவிட்டுத் திரும்பினார். எனக்குத் தாலி கட்டியபோது அவரிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்பானர்களும் திறக்காத வாயும்தான். வாய்க்குத்தான் பார்வதி இருக்கிறாளே, போதாதா என்று என் அண்ணன் நாகலிங்கம் கல்யாணப் பந்தியிலேயே கிண்டல் செய்தார்.

காத்ர் போர்ன் சந்தைக்குப் பின்னால் முதலாளி மிசியே க்ளெமானின் கராஜில் அவருக்கு வேலை. பிரேக், கிளட்ச் எல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எஞ்சின் மூச்சு வாங்கி மூச்சு விடுகிற கதவுதான் வால்வு. எங்கள் ஊரில் சுபாப் என்போம். கதவைத் தள்ளித் திறப்பது ராக்கர். அதை இழுத்துச் சாத்துவது ரெசோர் என்கிற சுருள்வில். வண்டி வேகமாக ஓடும்போது அந்தக் கதவு நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை திறந்து மூட வேண்டும். ரெசோர் முறிந்தால் வால்வு உள்ளே விழும், மேலே வருகிற பிஸ்டன் அதில் மோதும், எஞ்சின் பூட்டிக்கொள்ளும், அதோடு பின் சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொன்னது. மற்ற வீடுகளில் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் என்ன பேசுவார்களோ தெரியாது, எங்களுக்கு இதுதான் வாய்த்தது.

குடியிருந்தது அண்ணன் வீட்டில், ஓர் அறையில். அண்ணன் தங்கமான மனுஷர். அண்ணி தெய்வானையும் கெட்டவள் இல்லை. ஆனால் சமையலறை அவளுடையது. நான் எடுத்த கரண்டியை அவள் மறுபடி கழுவி வைப்பாள். நான் வைத்த குழம்பைப் பார்த்து, "இதுல புளி போட்டியா, இல்ல காட்டினியா?" என்பாள். குழாயடியில் அவள் குடம் நிரம்பிய பிறகுதான் என் குடம். ஐம்பத்தைந்துக்குள் இப்படி எட்டு வருஷம். என் மூக்கு நுனியில் கோபம் இருக்கிறது என்று ஊரே சொல்கிறதே, அந்த எட்டு வருஷத்தில் வந்து உட்கார்ந்த கோபம் அது.

அப்படியிருக்க, ஐம்பத்தைந்து கடைசியில் கராஜின் ஷெஃப், அதாவது பட்டறை முழுக்கப் பார்த்துக்கொள்கிற தலைமை மெக்கானிக், வயதாகி ஓய்வு பெறப் போகிறார் என்று செய்தி வந்தது. அந்த வேலைக்குக் கராஜின் பின்னாலேயே வீடு உண்டு. இரண்டு அறை, தனிச் சமையலறை, வாசலில் குழாய். வேலைக்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவன் பெயர் போல், கை சுத்தமான வேலைக்காரன், சிரித்த முகம், மிசியே க்ளெமானோடு ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவன். தமிழன் ஒருவன் அங்கே அதுவரை ஷெஃப் ஆனதில்லை.

மிசியே க்ளெமான் இவரைக் கூப்பிட்டு விஷயத்தை நேராகவே சொன்னார். அவர் மகன் ஜான்-க்ளோட், இருபத்து நாலு வயது, இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் உட்காருகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வரவழைத்திருந்தான். சேன் பியேருக்கு மேலே ஒரு தோட்டத்துச் சாலையில் மாசி மாதக் கடைசி ஞாயிறு கார்ப் போட்டி. ஒவ்வொரு காராக மேட்டில் ஏற வேண்டும். யார் குறைந்த நேரத்தில் உச்சிக்குப் போகிறாரோ அவருக்குக் கோப்பை. "அந்த எஞ்சினைத் தயார் பண்ணு. போட்டி நாளைக்கு எந்தக் குறையும் இல்லாம நின்னா, நீதான் ஷெஃப்" என்றார். அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்து இதை எனக்குச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமையலறையில் அடுப்பை எந்தச் சுவரோரம் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

எஞ்சினுக்குப் புதுச் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். பட்டியல் புத்தகத்தை ஜான்-க்ளோட் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து மேஜைமேல் விரித்தான். அவனுக்கு எல்லாவற்றிலும் பெரியது வேண்டும். ஆக இறுக்கமான ரெசோர், ஆக லேசான ராக்கர், வால்வை ஆக உயரத் தூக்குகிற கேம்ஷாஃப்ட். இவர் ஒவ்வொன்றாகத் தலையாட்டி மறுத்துக்கொண்டே வந்தார்.

"ஏன் வேணாம்?" என்றான் அவன்.

"ரெசோர் தளர்ந்தா வேகத்துல சுபாப் சாத்தாம மிதக்கும். ரொம்ப இறுகினா அது கேமையும் ராக்கரையும் தின்னுடும். நடுவுல உள்ளது போதும்."

"நான் ஓடப்போறது ரெண்டு நிமிஷம், வீரசாமி. ஊர்வலம் இல்ல."

"ரெண்டு நிமிஷமும் முழுசா ஓடணும் இல்ல?"

கடைசியில் தண்டு தடித்த வெளியேற்று வால்வுகள், இரும்பு ராக்கர்கள், நடுத்தர இறுக்கத்தில் உள்ளும் புறமுமாக வால்வுக்கு இரண்டு ரெசோர். எட்டு வால்வுக்குப் பதினாறு. எழுதிப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து, தை பிறந்த பிறகு, கப்பலில் வந்தது. வால்வுகளும் ராக்கர்களும் கராஜுக்கே போய்விட்டன. ரெசோர் பெட்டியை மட்டும் மிசியே க்ளெமான் இவர் கையில் கொடுத்து, "பட்டறையில வச்சா நாலு பேர் எடுத்துப் பார்ப்பாங்க. இது உன் பொறுப்பு" என்றார். இவர் அதை எங்கள் அறையில் அலமாரிமேல் ஏற்றி வைத்தார். "திறக்காதவரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று எனக்குச் சொல்லவும் சொன்னார். சொன்னார்தான். இல்லை என்று நான் எங்கேயும் சாதிக்கவில்லை.

மறுநாள் காவடி விரதம் தொடங்கிவிட்டது. பத்து நாள். அவர் அந்த வருஷமும் காவடி எடுக்கிறவர். கராஜ் விட்டால் கோயில், கோயில் விட்டால் கராஜ். நான் அறையைக் கழுவி, முருகன் படத்துக்குக் கீழே கோலம் போட்டு நிமிர்ந்தபோது அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. நம் தலையெழுத்தே அதற்குள் இருக்கிறது, அதைச் சாமி முன்னால் வைக்காமல் அலமாரிமேல் போட்டு வைத்திருக்கிறோமே என்று பட்டது. இறக்கித் திறந்தேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கொழகொழவென்று மஞ்சள் பசை அப்பியிருந்தது. இது என்ன கொழுப்போ? மாட்டுக் கொழுப்பாக இருந்தால்? விரதம் இருக்கிற வீட்டில், முருகன் படத்துக்கு முன்னால்?

எனக்குத் தெரிந்தது குத்துவிளக்கு துலக்குவதுதான். புளியைக் கரைத்துப் பதினாறு ரெசோரையும் ஊறவைத்து, பசை முழுக்கப் போகிறமட்டும் தேய்த்தேன். வெள்ளி மாதிரி மின்னின. கோயிலுக்கு எடுத்துப் போய் அபிஷேகப் பாலும் மஞ்சள் நீரும் தெளித்து, வேப்பிலையோடு மஞ்சள் துணியில் ஈரத்தோடே முடிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். வேண்டுதல் முடிச்சைக் காவடி முடிகிறவரை அவிழ்க்கக் கூடாது, எங்களில் அது வழக்கம். வெறும் பெட்டியைப் பழையபடி அலமாரிமேல் வைத்துவிட்டேன். கைகூப்பிக் கேட்டேன்: முருகா, அந்த வீடு எங்களுக்கு வேண்டும். அந்தச் சமையலறை எனக்கு வேண்டும். கொடுத்தால் அடுத்த வருஷம் பால்குடம் எடுக்கிறேன்.

காவடி முடிந்து முடிச்சை அவிழ்த்தேன். ரெசோர்கள் எல்லாவற்றிலும் செம்பழுப்புப் புள்ளிகள். எங்கள் தீவில் தை மாதம் கோடை; அந்தப் புழுக்கத்தில், ஈரத் துணிக்குள் பத்து நாள் கிடந்தால் வேறு என்ன ஆகும்? இப்போது தெரிகிறது. அப்போது, "ஐயையோ, அவர் பார்த்துவிடுவாரே" என்பது ஒன்றுதான் தோன்றியது. சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். அண்ணி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டாள்; விளக்குச் சாமான் என்றேன். புள்ளி ஒன்றில்லாமல் தேய்த்து, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, பழைய காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். கடையிலிருந்து வந்ததைவிட அழகாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைக் கராஜுக்கு எடுத்துப் போனார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குள் வந்தார். கையில் அதே பெட்டி.

"இதுக்குத் தேங்காயெண்ணெய் தடவினது யாரு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"யாருன்னு கேட்டேன்."

சொன்னேன். கொழுப்பு, புளி, பால், மஞ்சள் துணி, பத்து நாள் எல்லாம் சொன்னேன். சாம்பலும் நாரும் வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு ரெசோரை எடுத்து என் கட்டைவிரல் நகத்தைப் பிடித்து அதன்மேல் மெதுவாக இழுத்தார். வழவழவென்று போன நகம் ஓர் இடத்தில் லேசாகத் தட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத குழி, ஊசி முனை அளவு.

"துரு தின்ன இடம். கம்பி இங்கேருந்துதான் முறியும்" என்றார். அதுவரை சாதாரணமாகத்தான் பேசினார். அப்புறம்தான் அவர் குரல் ஏறியது. எங்கள் இருபது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். "துருவோடயே விட்டிருந்தா குருடன்கூடக் கண்டுபிடிச்சிருப்பான், பார்வதி. நீ அதத் தேய்ச்சு மறைச்சுட்ட. இத இன்னிக்கு வேற யாராவது பிரிச்சிருந்தா அப்படியே மாட்டியிருப்பாங்க. அந்தப் பையன் ஏறி உட்கார்ந்து ஓட்டியிருப்பான்."

அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் நின்றபடியே நாலு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு திரும்பிப் போய்விட்டார். கராஜில் போய் என்ன சொன்னார் என்று மாலையில் கேட்டேன். "மாட்ட முடியாதுன்னு சொன்னேன்" என்றார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். மறக்கிற ஆள் இல்லை அவர். நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். பட்டறைக்குள் ஒரு கூட்டம். மிசியே க்ளெமான், ஜான்-க்ளோட், போல், இன்னும் இரண்டு பேர். நடுவில் இவர் தானே செய்து வைத்திருந்த ஒரு யந்திரம். சர்க்கரை ஆலையிலிருந்து வாங்கி வந்த பழைய சக்கரம், ஒரு மோட்டார், உடைந்த கேம்ஷாஃப்டின் துண்டு. ஒரு ரெசோரை அதில் மாட்டினால் மணிக்குத் தொண்ணூறாயிரம் தடவை அமுக்கி விடும். எந்த ரெசோரையும் எஞ்சினில் போடும் முன் இரண்டு மூன்றையாவது அதில் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். எகிப்தில் கற்ற பழக்கம். என் ரெசோர்களில் ஒன்று அதில் துள்ளிக்கொண்டிருந்தது.

மிசியே க்ளெமான் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "மதாம், உங்க வீட்டுக்காரர் பெட்டிய மழைல வச்சுட்டாராம். இத்தனை வருஷத்துல அவர்கிட்ட இப்படி ஒரு அஜாக்கிரதைய நான் பார்த்ததில்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நேத்தே போல்கிட்டச் சொல்லிட்டேன், இனி அவன்தான் ஷெஃப்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் ரெசோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையாம், மழை" என்று ஜான்-க்ளோட் சிரித்தான். "காலையிலேருந்து நாலு மணி நேரம் ஓடுது, முறியல. எவ்வளவு பளிச்னு இருக்கு பாருங்க, மதாம். உங்க புருஷருக்குப் பயம் வந்துடுச்சு. போல், நாளைக்கே மாட்டிடு."

போல் இவர் முகத்தைப் பார்த்தான். இவர் மோட்டாரை நிறுத்தினார். அந்த ரெசோரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டினார். "பதினாறுல ஒண்ணு முறிஞ்சாப் போதும்" என்றார். மோட்டார் மறுபடி ஓடியது. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சந்தையில் மணி ஒன்றடித்தது ஞாபகம். டப் என்று ஒரு சத்தம். ஒரு துண்டு பறந்து போய்க் கூரைத் தகரத்தில் அடித்து ஜான்-க்ளோடின் காலடியில் விழுந்தது.

ஜான்-க்ளோட் குனிந்து எடுத்தான், சூடு தாங்காமல் போட்டான், மறுபடி கைக்குட்டையால் எடுத்தான். முறிந்த இடத்தில் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி.

"நான் அந்தப் பெரிய வளைவுல இருக்கும்போது இது நடந்திருந்தா?"

"சக்கரம் பூட்டிக்கும்" என்றார் இவர். "பள்ளம் வலது பக்கம்."

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன்: "மழை இல்ல, மிசியே க்ளெமான். நான்தான்." எல்லோர் முன்னாலும், புளியிலிருந்து தேங்காயெண்ணெய்வரை, ஒன்று விடாமல் சொன்னேன். இவர் நடுவில், "பார்வதி, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. துரு வரவிட்டதும் அதைத் தேய்த்து மறைத்ததும் நான், இவருக்கு ஒன்றும் தெரியாது, வேலையை இவருக்கே கொடுங்கள் என்று முடித்தேன்.

மிசியே க்ளெமான் தாடையைத் தடவினார். "துருவைப் பத்தி எங்கிட்ட உண்மையச் சொன்னார். மழையைப் பத்திப் பொய் சொன்னார். எனக்குக் கிடைச்சது பாதி உண்மை, மதாம். தவிர, போலுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். நான் விடுவேனா? உங்கள் பையனுடைய கழுத்தைக் காப்பாற்றிய மனுஷரிடமா பாதி உண்மை, முழு உண்மை என்று எடை போடுகிறீர்கள் என்று கேட்டேன். கிரியோலில் கேட்டால் இன்னும் காரமாக இருக்கும். அதைத் தமிழில் எழுத மாட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான் என்றார். இவர் என் தோளைத் தொட்டு, "அவர் சொல்றது நியாயம்தான்" என்றார்.

வாசல்வரை போல் என்னோடு வந்தான். "மதாம், நானா இருந்தா மாட்டியிருப்பேன்" என்றான். "எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சு. பளபளப்பப் பார்த்துட்டு மேல ஒண்ணும் பார்த்திருக்க மாட்டேன்." ஷெஃப் ஆனதும் அவன் போட்ட முதல் உத்தரவு, இந்தக் கராஜில் எந்த வண்டியின் எஞ்சின் தலையையும் வீரசாமி பார்க்காமல் மூடக் கூடாது என்பது. அவன் மேல் எனக்கு அதுவரை இருந்த பொறாமை அன்றோடு போனது.

புதிது வர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்பதால் சிவப்புக் காரோடு வந்த பழைய ரெசோர்களையே இவர் மறுபடி எடுத்தார். ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து, எடை வைத்து அமுக்கிப் பார்த்து, பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அடியில் மெல்லிய இரும்பு வளையம் கொடுத்து இறுக்கினார். அவை புதியவற்றைப்போல் வேகம் தாங்காது. ஆகவே எஞ்சின் சுற்றைக் காட்டும் மானியில் ஒரு கோடு போட்டு, முள் அதைத் தாண்டக் கூடாது என்று ஜான்-க்ளோடிடம் சொன்னார். இந்தத் தடவை அவன் எதிர்த்துப் பேசவில்லை.

போட்டி நாளில் நாங்கள் இருவரும் போய்ப் பெரிய வளைவுக்குக் கீழே கரும்போரமாக நின்றோம். எத்தனையோ கார் போனது. சிவப்புக் கார் வந்தபோது நான் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒரே சீராக வந்தது, வளைவில் ஏறியது, மேலே போய்விட்டது. நாலாவது இடம். கோப்பை வேறு யாருக்கோ. இறங்கி வரும்போது அவன் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

எங்களுக்கு வீடு கிடைக்க அதற்கப்புறம் பத்து வருஷம் ஆனது. அறுபத்தாறில், சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்று பலர் மூட்டை கட்டியபோது, போலும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான். இவர் ஷெஃப் ஆனார். இதை எழுதுவது அந்தச் சமையலறையில்தான். அந்தப் பத்து வருஷத்தில், அண்ணியோடு நான் சண்டை போட்ட எத்தனையோ நாளில், ஒரு தடவையாவது, "உன்னாலதானே போச்சு" என்று இந்த மனுஷர் வாய் தவறிச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் தினம் மூன்று வேளை சொல்லியிருப்பேன். சொல்லவே இல்லை. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது? நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது இதோடு முடியவில்லை. போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை மாலை, அண்ணன் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது மிசியே க்ளெமானின் மனைவி, மதாம் யொலாந்த். அந்தம்மாள் எங்கள் தெருப் பக்கம் வந்ததே இல்லை. கையில் ஒரு கொத்து ஆந்தூரியம் பூ. அண்ணி அவசரமாக நாற்காலியைத் துடைத்தாள். அந்தம்மாள் அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஜான்-க்ளோட் எல்லாம் சொன்னான்" என்றாள். "எனக்கு அவன் ஒருத்தன்தான். எங்க வீட்டுல எல்லாரும் கோப்பையப் பத்தியே பேசினாங்க. நான் போகாதேன்னு சண்ட போட்டேன், அழுதேன். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்னு எனக்குத் தோணல. நீங்க அந்த ரெசோரக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் அவனுக்காக வேண்டியிருக்கீங்க. பெத்தவ மறந்தத நீங்க செஞ்சீங்க. இந்தப் பூவ உங்க சாமிக்கு வைங்க. மெர்சி, மதாம்."

என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவள் கண்ணீர் என் முகத்தில் பட்டது. இவரைப் பார்த்தேன். இவர், "உட்காருங்க மதாம், டீ குடிங்க" என்று மட்டும் சொன்னார். வெனிலா டீ குடித்துவிட்டு, மறுபடி ஒரு தடவை நன்றி சொல்லிவிட்டு அந்தம்மாள் போனாள்.

கார்ச் சத்தம் அடங்கியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இவரிடம் சொன்னேன். "நான் அவனுக்காக வேண்டலீங்க. அவன் பேரக்கூடச் சொல்லல. வீடு கேட்டேன். சமையலறை கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? அப்ப அந்தம்மா முன்னாடி ஏன் சும்மா இருந்தீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அடுத்த வருஷமும் ஓட்டப் போறானாம். இப்பவே வேண்டிக்க."

நான் பூவை முருகன் படத்துக்கு வைத்தேன். ஜான்-க்ளோட் என்று அந்தப் பெயரை முதல் தடவையாகச் சாமியிடம் சொன்னேன்.